இடது கைப் பிரேக்

என் அக்காவை நடுரோட்டில் தலைகுப்புற விழச் செய்தவன் நான்தான். நாய் குறுக்கே வரவில்லை. சாலையில் மணல் கிடக்கவில்லை. அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாமலும் இல்லை. நான்தான்!

ஐந்து ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது என்கிற தைரியம்தான், வேறென்ன?

அக்காவுக்கு சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மருந்து டப்பாக்களில் பழுது இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். கம்பெனி வேன் நின்றுபோனதும் என்னிடம் வந்தாள்.

"நல்ல சைக்கிளா ஒண்ணு பாத்துக் குடுடா தம்பி. வேலைக்கும் போவணும், லீவு நாள்ல பாகூர் ஏரி வரைக்கும் போய்ட்டு வரணும்."

தனக்கென்று அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதுதான் முதல் தடவை.

சைக்கிள் என்று யாராவது வாயெடுத்தால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நான் வெறும் எழுத்தர். எங்கள் தெருவிலோ சைக்கிள் டாக்டர்! கடைகளில் ஸ்பிரிங் வைத்த, பருத்த டயர் வண்டிகளையே காட்டினார்கள். "இதெல்லாம் மலை ஏறுறதுக்கு. பாண்டிச்சேரியில மலை எங்க இருக்குது?" என்று கேலி செய்துவிட்டு வந்தேன்.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். முசியே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மகளோடு இருக்க பிரான்சுக்கே கிளம்பியவர், அங்கிருந்து கொண்டுவந்திருந்த சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டார். மெல்லிய இரும்புச் சட்டம், நெடுந்தூரத்துக்கு ஏற்ற கியர்கள், அக்காவின் உயரத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

"பிரேக்கு பிரான்சு வழக்கம், தம்பி. இடது கைய புடிச்சா முன் சக்கரம் நிக்கும். மறக்காம மாத்திடு" என்றார்.

நம் ஊரில் இடது கை பின் சக்கரத்துக்கு, வலது கை முன் சக்கரத்துக்கு. இது அப்படியே தலைகீழ். "தெரியும் முசியே" என்றேன். தெரியும்தான்... கேளுங்கள்.

மூன்று ஞாயிறுகள் அந்த வண்டியோடு கிடந்தேன். குதிகாலைப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நீளும்படி சீட்டை ஏற்றினேன். அக்காவுக்கு முதுகு வலிக்கக் கூடாதென்று கைப்பிடியை உயர்த்தினேன். கொஞ்சம் அகலமான டயர், மழைக்கு மட்கார்டு, சாப்பாட்டுப் பைக்குக் கேரியர். புது பிரேக் வயர்களைப் பழையவற்றின் அளவுக்கே வெட்டிப் பூட்டி, கைப்பிடியோடு சேர்த்து அவற்றின்மேல் சிவப்புத் துணி நாடாவை ஒரு சுருக்கமும் இல்லாமல் சுற்றி முடித்தேன். அப்புறம்தான் முசியே சொன்னது நினைவுக்கு வந்தது!

மாற்ற வேண்டுமென்றால் நாடாவை அவிழ்க்க வேண்டும். வெட்டிய வயர் எட்டாது. அக்காவோ வாசலில் நிற்கிறாள். அக்கம்பக்கத்தார் வேறு வேடிக்கை பார்க்கிறார்கள்.

"முடிஞ்சிதாடா?"

"முடிஞ்சிதுக்கா."

அடுத்த ஞாயிறு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். சரி, அதுவரை ஜாக்கிரதையாக இரு என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் மறந்துபோனதை ஒப்புக்கொள்ள வேண்டும். சைக்கிள் டாக்டருக்கு அது கௌரவக் குறைச்சல்!

வியாழக்கிழமை காலை. கோரிமேடு தாண்டி வலப்பக்கம் திரும்புவதற்காக அக்கா வலது கையை நீட்டியிருக்கிறாள். ஒரு டெம்போ குறுக்கே வந்தது. கைப்பிடியில் இருந்தது இடது கை மட்டும். பின் சக்கரம்தானே என்று நம்பி இறுக்கிப் பிடித்தாள். முன் சக்கரம் நின்றது. அவள் அதைத் தாண்டிப் போய் விழுந்தாள்.

வலது மணிக்கட்டு நொறுங்கி, உள்ளே தகடு வைத்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று சாயங்காலமே நான் என்ன செய்தேன் தெரியுமா? புது வயர் வாங்கிவந்து, நாடாவை அவிழ்த்து, பிரேக்கை மாற்றி, மறுபடி நாடாவைச் சுற்றி வைத்தேன். நான்கு நாட்களாகக் கிடைக்காத நேரம் அன்றைக்குக் கிடைத்துவிட்டது!

இதுவரை சொன்னது கவனக்குறைவு. நீங்கள்கூட மன்னித்துவிடுவீர்கள். இனி சொல்லப்போவதுதான் என் பாவம்.

மூன்றாம் நாள் அக்கா கேட்டாள். "கைய காட்டிக்கினு இருந்தேன்டா. இடது கையாலதான் புடிச்சேன். பின் பிரேக்குதான அது? எப்பிடிடா தூக்கி அடிக்கும்?"

எல்லாம் அவளுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது.

"பதட்டத்துல ரெண்டு கையாலயும் புடிச்சிருப்பக்கா. உனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

"இல்லடா, வலது கை வெளிய..."

"நான் வண்டிய பாத்துட்டேன்க்கா. பிரேக்கெல்லாம் சரியாதான் இருக்குது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள். என்னை நம்பிவிட்டாள்... தன்னை நம்பாமல்! அம்மா என்னைத் திட்டியபோதுகூட, "அவன் நல்லாதாம்மா பண்ணிக் குடுத்தான். எனக்குதான் கை புத்தி இல்ல" என்று எனக்காகப் பேசினாள்.

எலும்பு கூடிவிட்டது. அவள் மட்டும் பழையபடி ஆகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அணைத்தேனா என்று அம்மாவைக் கேட்பாள். தொழிற்சாலையில், "நான் பாத்தது சரியா தப்பான்னு எனக்கே தெரியலீங்க" என்று சொல்லி, தானாகவே கேட்டு, கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள். பாகூர் ஏரி என்று அவள் வாயில் அப்புறம் வரவே இல்லை. அப்போதாவது வாய் திறந்தேனா?

போன மாதம் என் மகளுக்குப் பெயர் வைத்தோம். குழந்தையைத் தொட்டிலில் போடும் உரிமை எங்கள் வழக்கத்தில் அத்தைக்குத்தான். என் மனைவி குழந்தையை நீட்டினாள். அக்கா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா. இந்தக் கை எப்ப என்னா செய்யும்னு எனக்கே தெரியாது."

கூடம் முழுக்க உறவுக்காரர்கள். ஒரு வாக்கியம் போதும். 'உன் கைமேல் தப்பில்லையக்கா...' தொண்டைவரை வந்தது. என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

"எங்க தம்பியே போடட்டும்" என்று அக்கா எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அவன் கைய நம்பலாம்."

நான் குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டேன்.