மாமன் மடியும் என் மூளிக்காதும்

மூன்றாம் வகுப்பு வரைக்கும் எனக்குக் காது குத்தவில்லை. சூலூரில் எங்கள் தெருவிலிருந்த பெண் குழந்தைகளில் நேற்று நடை பழகியதுகூட ஒரு பொட்டுத் தங்கத்தைக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தபோது, நான் மட்டும் மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போய்வந்தேன். 'மூளி' என்றே எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன பெயரை வைத்தவளுக்கு இரண்டு காதிலும் ஜிமிக்கி ஆடும். அவள் வேண்டுமென்றே தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கோயிலில் திருப்பணி நடக்கிறது, தறிக்கு நூல் வரவில்லை, பங்காளி வீட்டில் தீட்டு. உண்மையான காரணம் தினமும் என்னோடு உட்கார்ந்து டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. என் மாமாதான் அது.

மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. அறிவு வளர்ச்சி குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தெருவில் வெள்ளந்தி என்றார்கள். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சொல்லும் சொல் வேறு. அதை இங்கே எழுத எனக்குக் கை வராது. அம்மாவைப் பெற்றவர்கள் போய்ச்சேர்ந்த பிறகு மாமா எங்களோடுதான் இருந்தார். பகலில் சிறப்புப் பள்ளியின் வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும். சாயங்காலம் அப்பாவின் தறிக்கூடத்தில் நூல் தீர்ந்த கோன்களைப் பெட்டியில் அடுக்குவார். கோபமே வராத மனிதர். ஆனால் குழந்தை எதுவும் வீறிட்டு அழுதால் மட்டும் தாங்கமாட்டார். காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எங்கள் பக்கம் அதை யாரும் மாற்ற முடியாது. காது குத்தோடு முடிகிற சங்கதியும் அல்ல. பெண் பெரியவளானால் மாமன் சீர், கல்யாணம் என்றால் மாமன் முறை, எதுவானாலும் முதலில் கூப்பிடுவது மாமனைத்தான். ஒருமுறை வேறொருவர் மடியில் குழந்தையை உட்காரவைத்துவிட்டால், பிறகு மாமா வீட்டில் தங்கியிருக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான்.

அம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை. "என்ற தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கையில, இன்னொருத்தரு மடி எதுக்குங்க?" என்பாள்.

அத்தையும் விடவில்லை. "புள்ள வீல்னு கத்துனா அவன் எந்திரிச்சு ஓடிப்போடுவான். காது கிழிஞ்சுதுன்னா ஆரு பதில் சொல்றது?" இது எல்லோர் முன்னாலும் சொல்வது. அடுக்களையில் குரலைத் தாழ்த்திச் சொன்னது வேறு. "நாளைக்கு இந்தப் புள்ளையக் கேட்டு வர்றவங்க, இவங்க வகையிலயே இப்படித்தானோன்னு நெனைக்க மாட்டாங்களா? ஊரைக் கூட்டி நாமளே காட்டோணுமா?" என்னைக் கேட்டு யார் வரப்போகிறார்கள், எதற்குக் கேட்பார்கள் என்று புரியாமல், கொஞ்ச நாள் வாசலில் புது ஆள் தலை தெரிந்தாலே நான் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அப்பா பாடுதான் திண்டாட்டம். இந்தப் பேச்சு எழுந்ததும் தறிக்கூடத்துக்குப் போய்விடுவார். தறி ஓடும் சத்தத்தில் அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. கடைசியில் ஒருநாள், தப்பிக்க வழியில்லாமல் அவரே ஒரு முடிவு சொன்னார்.

"சரி, உன்ற தம்பியே உக்காரட்டும். பாதியில எந்திரிச்சான்னா, மீதிக்கு உரக்கடை மாமன் உக்காருவாரு. அப்பறம் சீரு, கல்யாணம் எதுன்னாலும் அவருதான் மாமன். இதோட பேச்சை உடுங்க."

உரக்கடை மாமா அம்மாவின் பெரியப்பா மகன். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, தங்கமான மனிதர். அத்தை சரி என்றாள். அம்மாவும் சரி என்றாள். எனக்கு எந்த மடியானாலும் சரி, ஜிமிக்கி வந்தால் போதும்.

அம்மா அன்றைக்கே சிறப்புப் பள்ளி டீச்சருக்குப் போன் போட்டாள். டீச்சர் நீளமாக எதுவும் சொல்லவில்லை. "புதுசா இருந்தாத்தாங்க அவனுக்குப் பயம். அதைப் பழசாக்கிக் கூட்டிட்டுப் போங்க" என்றாராம்.

அப்படித்தான் எங்கள் தறிக்கூடம் கோயிலானது. கரண்ட் போனால் தறி நின்றுவிடும். தறி ஓட்டுகிறவர்களுக்குக் கை சும்மா இருக்கும். அந்த நேரத்தில் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவாள். மாமா சம்மணம் போட்டு உட்காருவார், அவர் மடியில் நான். தறி ஓட்டும் அக்கா ஒருத்தி கையில் பென்சிலோடு, காது குத்தும் ஆசாரியாக வருவாள். ஒருவர் காலி எண்ணெய் டின்னைத் தட்டி மேளம் அடிப்பார். மற்றவர்கள் சொந்தக்காரர்கள். நடிப்பு என்றாலும் முறையில் குறைவைக்கவில்லை. காப்பி இன்னும் வரவில்லை, எங்களை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுக்கிக்கொள்வார்கள். பென்சில் காதில் பட்டதும் நான் வீறிட்டுக் கத்த வேண்டும். அது என் வேலை.

முதல்நாள் நான் கத்தியதும் மாமா என்னைத் தள்ளிவிட்டு நூல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் போதும்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது கண்ணு. போதும்னா எந்திரிச்சுக்கலாம்" என்று சொல்லிக் கூட்டிவந்தாள். முதலில் மெதுவாக அழுதேன். பிறகு கொஞ்சம் கூட்டினேன். ஒவ்வொரு தடவையும் அம்மா 'போதும்' என்றதும் மாமா என்னை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார், எல்லோரும் கைதட்டுவார்கள், மாமா வெட்கப்பட்டுச் சிரிப்பார். நாளாக ஆக, நான் தொண்டை கிழியக் கத்தினாலும் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி ஆடாமல் அசையாமல் இருக்கப் பழகிவிட்டார். எனக்குத்தான் குரல் கட்டிப்போனது.

பல்லடம் தாண்டிக் குலதெய்வம் கோயிலில் விசேஷம். மாமன் சீர் கொண்டுவருவதிலும் ஒரு கூத்து. மாமா இருப்பது எங்கள் வீட்டில், சீர்த்தட்டுகள் எங்கள் வேனில். அதனால் தட்டுகளை வேனிலிருந்து இறக்கி ரோட்டு முனை வரை கொண்டுபோய், அங்கிருந்து மேளதாளத்தோடு எங்களுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். தட்டு தூக்க அம்மா பக்கத்தில் அத்தனை ஆள் ஏது? தறிக்கூடம் மொத்தமும் தூக்கியது. முன்னால் மாமா, அவிழாமலிருக்க ஊக்குக் குத்திய பட்டு வேட்டியும் மாலையுமாக வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசாரி அந்தக் கோயில் பக்கத்துக்காரர், வயதானவர். எங்கள் வீட்டுச் சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாது. மாமா உட்கார்ந்தார், நான் மடியில் உட்கார்ந்தேன், மேளம் முழங்கியது. ஆசாரி வலது காதைப் பிடித்ததுதான் தெரியும். அம்மாடி! பென்சிலுக்குக் கத்தியதெல்லாம் என்ன கத்தல்? உயிரே போய்விட்டது. கோயில் இரண்டுபடக் கத்தினேன். மாமா அசையவில்லை. வியர்த்த கையால் என் முதுகைத் தட்டிக்கொண்டேயிருந்தார். அம்மா கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசாரிக்கு என் அழுகையைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "போதுங் கண்ணு, போதும் போதும், அழுவாதீங்க" என்று என் கன்னத்தைத் தடவினார்.

மாமா என்னை மெதுவாக இறக்கிவிட்டார். எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பழக்க தோஷத்தில் எங்கள் தறிக்காரர் ஒருவர் கைதட்டியும் தொலைத்தார்.

"எந்திரிச்சாச்சு!" என்று அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "நான் சொன்னனா இல்லையா? தம்பி, பேச்சுன்னா பேச்சுதான்."

உரக்கடை மாமா சங்கடத்தோடு வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். எனக்கு ஒரு காதில் தங்கக் கம்பி, இன்னொரு காது மூளி. இப்படியே விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் இன்னும் உரக்க அழுதேன். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

கூட்டத்துக்குள்ளிருந்து தறிக்கார அக்காதான் கத்தினாள். "அவன் மேல தப்பில்லீங்க! ஆசாரி போதும்னு சொல்லிப்போட்டாருங்க. போதும்னா எந்திரிக்கோணும்னு நாங்கதானுங்க பழக்கியிருக்கறம்!"

ஆமாங்க ஆமாங்க என்று தட்டு தூக்கி வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்பா ஆசாரியைப் பார்த்தார்.

"அடக் கெரகமே! நான் அம்மணிக்குத்தானுங்களே சொன்னேன்!" என்றார் ஆசாரி. "சொன்ன பேச்சைக் கேட்டுத்தானுங்க எந்திரிச்சிருக்காரு. பாதியில உட்டுப்போட்டுப் போகலீங்களே." பிறகு நிமிர்ந்து, "ஏனுங்க மாமனுங்களே, இன்னொரு காது இருக்குதுங்க. சித்த உக்காருங்க" என்றார்.

உரக்கடை மாமா உட்காரப் போனார். "உங்களில்லீங்க, இவருங்க" என்று ஆசாரி ஊசி பிடித்த கையாலேயே காட்டினார்.

மாமா திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பால் குடிக்கிற குழந்தையைக்கூட வாங்க கண்ணு என்று கூப்பிடுகிற சீமை எங்களுடையது. ஆனால் மீசை வைத்த மாமாவை மட்டும் எல்லோரும் வா, போ என்றுதான் கூப்பிட்டோம். அன்பில் குறைவில்லை; அவருக்கு 'ங்க' போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். பின்னால் தூண் மட்டுமே இருக்கவும், மாமா ஆசாரியைப் பார்த்தார். உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க அம்மணி."

அப்பா தலையசைத்தார். உரக்கடை மாமா பின்னால் நகர்ந்துகொண்டார்.

இடது காது இன்னும் வலித்தது. நான் கத்தினேன், மாமா தட்டிக்கொடுத்தார், ஆசாரி வாயை இறுக மூடிக்கொண்டு வேலையை முடித்தார். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லத் துணியவில்லை. காப்பி ஊற்றும்போதுகூட "சரிங்க, சரிங்க" என்று டம்ளரை நகர்த்திக்கொண்டார்கள். மேளக்காரரை நிறுத்தச் சொல்ல வந்த அத்தை "போ..." என்று ஆரம்பித்து, விழுங்கிவிட்டுக் கையைக் காட்டினாள்.

சொந்தபந்தங்கள் வரிசையாக வந்து எனக்குத் திருநீறு பூசினார்கள். மாமா மடியில் நான் இருந்ததால் மாமாவுக்கும் பூசினார்கள். அத்தையும் வந்தாள். எனக்குப் பூசிவிட்டு, விரலில் மீதமிருந்ததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமாவின் நெற்றியிலும் இழுத்துவிட்டுப் போனாள். எனக்குக் கால் மரத்துப்போனது. காதில் கிடந்தது ஜிமிக்கி அல்ல, வெறும் கம்பி என்ற துக்கம் வேறு. இறங்கப் பார்த்தால் மாமா விடவில்லை. "அக்கா சொல்லோணும்" என்றார்.

சோற்று வாசனை வந்தது. முதல் பந்தியில் மாமன் உட்காராமல் யாரும் கை நனைக்க முடியாது. இலை போட்டுத் தண்ணீரும் தெளித்துவிட்டு எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா எங்கள் முன்னால் வந்து குனிந்தார்.

"மாப்பிள்ளை, எல போட்டாச்சுங்க. சாப்பிட வாங்க."

"அக்கா சொல்லோணும்" என்றார் மாமா மறுபடியும்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். மொத்தக் கூட்டமும் பார்த்தது. அம்மா தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். காதில் விழாமலில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை கசங்கி, நெற்றி முழுக்கத் திருநீறாக மாமா உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஓர் அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குப் பசி காதை அடைத்தது. இத்தனை பேரைக் காக்கவைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொல்லைச் சொல்லாமல் இந்த அம்மா எதற்கு இப்படி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கோபம் கோபமாக வந்தது. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?