பிளாக்கா, ரோடா?

மோசுல் நகரத்தின் மேற்குக் கோடியில், போரில் இடிந்த வீடுகளை அரைக்கும் யார்டில் கானிமுக்கு வேலை ஒரு சொல் சொல்வதுதான். லாரி வந்து கொட்டும். அவர் குனிந்து நாலைந்து கட்டிகளை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்ப்பார். நகம் வழுக்கினால் சிமெண்ட், "பிளாக்" என்பார். நகம் இறங்கினால் ஜிப்சம், சுவரில் கலந்தால் ஈரத்தில் உப்பிவிடும், "ரோடு" என்பார். பிளாக் என்றால் அந்த இடிபாடு அரைபட்டுப் புதுச் சுவர்களுக்குக் கல்லாகும். ரோடு என்றால் பாதைக்கு அடியில் பள்ளம் நிரப்பப் போகும். இதைச் சோதிக்கக் கருவி வாங்கித் தருகிறோம் என்று மேலிடத்தில் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. கருவி வந்தபாடில்லை, நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

யார்டில் ஒரு வழக்கம். எந்த வீட்டின் இடிபாடு பிளாக் ஆகிறதோ, அந்த வீட்டுக்காரருக்கு ஒரு அறை கட்டுகிற அளவு கல் இலவசம். ரோடு என்றால் ஒன்றும் கிடையாது. அதனால் லாரிக்குப் பின்னாலேயே வீட்டுக்காரர்களும் வந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரோடு என்று கேட்டதும் சிலர் திட்டுவார்கள், ஒருவர் மண்ணை வாரித் தூற்றியே இருக்கிறார். கானிம் அடுத்த லாரிக்கு நகர்ந்துவிடுவார்.

முதல் வருடம் ஒரே ஒரு தடவை, அழுது நின்ற ஒரு பெண்ணுக்காக மனம் இளகி, ஜிப்சம் கலந்த லோடைப் பிளாக் என்று விட்டுவிட்டார். அரைத்ததெல்லாம் ஒரே குவியல். யார் வீட்டு இடிபாடு யார் சுவருக்குப் போகிறது என்று எவருக்கும் தெரியாது. இரண்டு மழைக்காலம் போனதும் எங்கோ ஒரு புது வீட்டின் சமையலறைச் சுவர் உப்பி வெடித்து, அப்படியே அடுப்பின்மேல் சரிந்தது. நல்லவேளை, அந்நேரம் அடுப்படியில் ஆள் இல்லை. கானிம் போய்ப் பார்த்தார். அவர் யாரென்று தெரியாத அந்த வீட்டு அம்மா, வந்த மனிதருக்கு மரியாதையாகத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். வாயார நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

யார்டில் யாரும் அவரைக் கானிம் என்று கூப்பிடுவதில்லை. அபூ ரீம், ரீமின் அப்பா. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது மகளின் பெயர் காதில் விழும். மகள் இருப்பதோ ஜெர்மனியில். வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் பேசுவாள். மனைவி நஜ்லா சண்டை ஓய்ந்த மறு வருடம் இறந்துபோனாள். ஆற்றின் அந்தக் கரையில் ஒரு வாடகை அறையில் கானிம் மட்டும் இருக்கிறார். ஒரு சட்டி பருப்பு சூப் வைத்தால் மூன்று நாளைக்கு வருகிறது. இரண்டாவது கிண்ணத்தைத் தூசி படாமல் கவிழ்த்தே வைத்திருக்கிறார். தனிமை அவரைத் தின்றுகொண்டிருந்தது, அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஊருக்கு ஒரு தடவை வந்து போயேன் என்று போன வருடம் மகளிடம் கேட்டார்.

"வந்து எங்கப்பா தங்குறது? உங்க ரூம்ல ஒருத்தர் கால் நீட்டினா இன்னொருத்தர் வெளியில நிக்கணும்" என்றாள் ரீம்.

கானிம் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார், அறை கட்டிவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியும் வைத்தார். பழைய நகரத்தில் அவருடைய வீடு குவியலாகக் கிடந்தது. கீழ்த்தளம் அவருடைய அப்பா கல்லும் ஜிப்சமும் வைத்துக் கட்டியது. மாடியை ரீம் பிறந்த வருடம் அவரே சிமெண்டில் எழுப்பினார். அந்த மாடி பிளாக் ஆனால் போதும், ஒரு அறை எழும்பிவிடும். அறை இருந்தால் மகள் வருவாள். இடிபாட்டைச் சந்து சந்தாகத்தான் அள்ளுவார்கள். தன் சந்தின் முறை வரும்வரை விடுமுறை தோறும் போய், வெறும் கையால் சிமெண்ட் கட்டிகளை ஒரு பக்கமும் ஜிப்சத்தை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் போட்டார். ஆனால் குண்டு விழுந்தபோது வீடு மாடி வேறு, கீழ் வேறு என்று பார்த்து விழவில்லையே.

ஒரு புதன்கிழமை அவருடைய வீடு லாரியில் வந்தது. கொட்டிய குவியலில் கானிம் உட்கார்ந்தார். முதல் கட்டியில் நகம் வழுக்கியது. இரண்டாவதில் இறங்கியது. மூன்றாவது வழுக்கியது. நாலாவதில் இறங்கி, நகக்கண்ணில் வெள்ளையாக ஏறிக்கொண்டது. நாலு கட்டியோடு நிறுத்துகிறவர் அன்று முப்பது கட்டி பார்த்தார்.

மண் அள்ளும் வண்டி ஓட்டுகிற ஷீத் இறங்கி வந்தான். யார்டிலேயே பெரிய வாயாடி அவன்.

"அபூ ரீம், பாதிக்கு மேல நல்ல சரக்குதான். பிளாக்னு சொல்லிடுங்க. ஊரு பூரா வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்க, உங்களுக்குன்னு ஒரு தடவை சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம்."

"அப்புறம் என்ன யோசனை? உங்க வீடு, உங்க தலை."

"என் தலையில மட்டும் விழும்னா எப்பவோ சொல்லியிருப்பேன்டா. இது எவ வீட்டு அடுப்பில விழும்னு உனக்குத் தெரியுமா?"

ஷீத் வண்டிக்குத் திரும்பினான். கானிம் எழுந்து துணியைத் தட்டிவிட்டு "ரோடு" என்றார். குரல் எப்போதும்போலவே வந்தது, அதிலேதான் அவருக்குத் தன்மேல் ஆத்திரம். திட்டுவதற்கு லாரிக்குப் பின்னால் வீட்டுக்காரர் எவரும் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவர் வீட்டை ஆற்றுப் பாதையில் கொட்டி உருளையை ஓட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ரீம் கூப்பிட்டாள். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அறை கட்ட முடியாதும்மா, கல் தேறவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னார்.

"ஐயோ, பரவாயில்லப்பா. விடுங்க" என்றாள் ரீம் உடனே. "அப்ப இந்தக் கோடைக்கு டிக்கெட் பாக்க வேண்டாம், இல்ல?"

அந்தக் குரலில் வருத்தம் இல்லை. பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தவளின் நிம்மதி இருந்தது. அறை எழும்பியிருந்தாலும் அவள் வேறு ஒரு காரணம் தேடியிருப்பாள் என்று கானிமுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வேண்டாம்மா, எதுக்கு வீண் அலைச்சல்" என்றார். பேரனின் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அங்கே குளிரா என்று கேட்டார். பத்து நிமிடம் ஆனதும் ரீம் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

கானிம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"பாலம் தாண்டி ரெண்டாவது வளைவும்மா. அங்கதான் போட்டிருக்காங்க, நம்ம வீட்டை."