கீச்சானுக்கு மூன்று பானை

மோட்டார் வாங்கியிருந்தால் அந்த மூன்று மீனும் பிழைத்திருக்கும். எத்தனை வருடமானாலும் இதில் என் எண்ணம் மாறவில்லை.

எங்கள் உப்பேரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் அலை புரட்டியதில் கட்டுமரம் இடுப்பில் அடித்து, என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலே கதி என்றானார். கால் இரண்டும் போய்விட்டன. கை மட்டும் பழைய கைதான். பேச்சு நின்றுபோய்ச் சுவரைப் பார்த்தபடி கிடப்பார். மெட்ராஸில் கலர் மீன் கடையில் வேலை பார்த்த என் தம்பி, அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கலர் மீனு வாணாம் மச்சான். நம்ம ஏரித் தண்ணி, நம்ம மீனு" என்றார் இவர். மாதக்கணக்கில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உப்புத் தண்ணீர் நாறிவிடும், வடிகட்ட ஏதாவது வேண்டும் என்றான் தம்பி. இரண்டு வழி சொன்னான். ஒன்று, தொட்டி மணலுக்கடியில் ஓட்டைத் தட்டு வைத்து, தண்ணீர் மணல் வழியே வடிந்து சுழலக் கரண்டில் ஓடும் காற்று மோட்டார் போடுவது. இன்னொன்று, அடியில் ஓட்டை போட்ட மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தேங்காய் நார், கரி, மணல் நிரப்புவது. தொட்டித் தண்ணீரை மொண்டு மேலே ஊற்றினால் வடிந்து வடிந்து தொட்டியிலேயே சொட்டும். ஆனால் யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் மோட்டார் என்றேன். விடிந்தால் கூடையோடு மீன் விற்கப் போகிறவள் நான்; மோட்டாருக்கு ஆள் வேண்டாம்.

"மோட்டாரு ஓடினா நான் எதுக்கு? கை கீதில்ல, நான் ஊத்துறேன்" என்றார்.

மறுநாள் மீன் விற்ற காசில் மூன்று மண்பானை வாங்கி வந்தேன்.

முதலில் விட்ட மீனெல்லாம் செத்தது. "மணல கிணத்துத் தண்ணில கழுவுனியாக்கா? ஏரித் தண்ணில ஊறிப் பழகுன மணலுதான் அழுக்கத் தின்னும்" என்று தம்பி என்னைத் திட்டினான். அப்புறம் மூன்று கீச்சான் குஞ்சுகள் தங்கின. கோடு போட்ட, விலை போகாத மீன். கட்டிலில் படுத்தபடியே டம்ளரால் மொண்டு ஊற்றுவார். நான் வீடு திரும்பினால் சோறு கேட்க மாட்டார், மீனுக்கு இறால் துணுக்கு கேட்பார்.

"பேசாம அதுங்களயே கட்டியிருக்கலாம்" என்பேன்.

"அதுங்க உன்ன மாதிரி சண்ட போடாதுங்களே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக எத்தனை இறால் வேண்டுமானாலும் உரிப்பேன்.

படுக்கைப் புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. டம்ளர் கையிலிருந்து நழுவியது. "ஊத்து, ஊத்து" என்று பிதற்றினார். நான் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

சாவு வீட்டில் பானைத் தண்ணீர் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பாடையைத் தூக்கியதும் நாத்தனார் எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். மூன்று பானையையும் வெளியே கொண்டுபோய்ப் போட்டு உடைத்தாள். நான் கத்தினேன். "மண்பானை அண்ணி, தீட்டு போவாது" என்று அவள் அழுதாள். அண்ணனைப் பறிகொடுத்தவளை நான் என்ன சொல்ல? கண்ணாடிக்குத் தீட்டில்லை போலும், தொட்டியை விட்டுவிட்டாள்.

கூப்பிடு தூரத்தில் ஏரி. காரியம் முடியும்வரை நான் வாசற்படி தாண்டக் கூடாது. மீனைக் கொண்டுபோய் விடச் சொல்லி வந்தவர்களிடமெல்லாம் கெஞ்சினேன். புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். தொட்டியிலேயே மொண்டு தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வெளுத்தது. மூன்றாவது கீச்சானும் மல்லாந்தபோது கையில் டம்ளர் இருந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.