அடையாள அணிவகுப்பில் ஒரு கை

அருப்புக்கோட்டையில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் நாளே என் கைக்கு வந்த கட்டு இருளப்பனுடைய அப்பீல். தொண்ணூறுகளின் தொடக்கம். பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றுதான் அந்த வேலைக்கே போனேன்.

இருளப்பன் திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். ஒருநாள் பொழுது சாயும் நேரம், கண்மாய்க்கரையில் பலசரக்குக் கடைக்காரர் மனைவி செல்லத்தாயின் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். முகத்தைப் பார்த்ததாகச் செல்லத்தாய் சாட்சி சொன்னார். சப்-ஜெயிலில் மாஜிஸ்ட்ரேட் நடத்திய அடையாள அணிவகுப்பில் இருளப்பனைத் தொட்டுக் காட்டினார். நகை கிடைக்கவில்லை. வேறு சாட்சியும் இல்லை. ஏழு வருஷம் போட்டார்கள்.

அவன் மனைவி முனியம்மா அடிக்கடி ஆபீஸுக்கு வந்து என் பக்கத்தில் நிற்பாள். "ஏத்தா, நீ தட்டுற வேகத்தப் பாத்தா நாளைக்கே அவுகள விட்டுருவாக போலயே" என்பாள். நான் குனிந்தபடி தட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் பாளையம்பட்டி டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் செல்லத்தாய் என்பது பேச்சில் தெரிந்தது.

"எல்லாவனும் ஒரே உசரம், ஒரே கருப்பு. எனக்குக் கண்ணக் கட்டிருச்சு. குனிஞ்சு கையப் பாத்தேன். ஒருத்தன் நகத்துல மட்டும் கரி அப்பிக் கெடந்துச்சு. சங்கிலியப் பிடிச்ச கையும் கரிக் கைதான். தொட்டுட்டேன்."

"மூஞ்சியப் பாக்கலையாக்கா?"

"அப்ப எங்க பாத்தேன்? கோர்ட்டுல பாத்துப் பாத்து, இப்பக் கண்ண மூடுனா அந்த மூஞ்சிதான் வருது. அவனேதான்டி!"

உயரம், நிறம், வயது பார்த்து மாஜிஸ்ட்ரேட் முறையாகத்தான் ஆள் நிறுத்தியிருந்தார். கையை யாரும் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் கரிமூட்டம் இல்லாத ஊர் எது?

மறுநாள் எங்கள் வக்கீல் சீனியரிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். நான் கூண்டேறவும் தயார் என்றேன்.

"நம்ம ஆபீஸ் பொண்ணு சொன்னா எவன்மா நம்புவான்? அந்தம்மா வாயிலேருந்தே வரணும்" என்றார்.

செல்லத்தாயை மறுபடி விசாரிக்க மனுப் போட்டார். அப்பீல் கோர்ட் அனுமதித்தது. செல்லத்தாய் வந்தார்.

"கையப் பாத்துத்தானம்மா ஆளக் காட்டுனீங்க?" என்று சீனியர் கேட்டார்.

"கையும் பாத்தேன், மூஞ்சியும் பாத்தேன். இந்தா நிக்கிறானே, இவன்தான்யா" என்றார். குரலில் தடுமாற்றமே இல்லை.

முன்விரோதம் இல்லாத பெண் பொய் சொல்லக் காரணமில்லை என்று அப்பீல் தள்ளுபடியானது. மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ரிவிஷன் போட்டோம். விசாரணைக்கே எடுக்காமல் அட்மிஷனிலேயே தள்ளிவிட்டார்கள்.

முனியம்மா வந்து கேட்டாள்: "அந்தம்மா பொய் சொல்லுச்சா தாயி?"

"இல்லக்கா. நம்பித்தான் சொல்றாக."

"அப்ப எங்க வீட்டுக்காரவுகதான் களவாண்டாகங்கிறியா?"

அதற்கு நான் வாய் திறப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். பிறகு வரவே இல்லை. இருளப்பன் தண்டனை முழுவதையும் கழித்தான்.

இப்போது எங்கள் ஆபீஸ் ஜூனியர்கள், சாட்சியை எப்படி மடக்குவது என்று பேசிக்கொள்கிறார்கள். பொய் சொல்கிறவரை மடக்கலாம், எங்கேயாவது இடறுவார். தான் பார்த்ததாகவே நம்பிவிட்டவர் இடறவே மாட்டார். இத்தனை வருஷத்தில் நான் கற்றது இது ஒன்றுதான். இதை வைத்து யாரையும் வெளியே கொண்டுவர முடிந்ததில்லை.