லொறி எஞ்சினும் என் பெருவிரலும்

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே என் கணவரின் கராஜ் இருந்தது. கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பது என் வேலை. கழுவிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டா நிற்பேன்? எது எங்கே பூட்டப்படுகிறது என்றும் பார்ப்பேன்.

அது அறுவடைக் காலம். பெட்ரோலில் ஓடும் ஒரு லொறியில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டின் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. என் கணவர் அதைக் கழற்றிப் புதியது வாங்கி வந்த அன்றே, வேறொரு லொறியை ஸ்டார்ட் பண்ணச் சுற்றிய இரும்புக் கேண்டில் திருப்பி அடித்து அவருடைய வலது கை முறிந்துவிட்டது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை லொறி முதலாளி டிரைவரோடு வந்தார். வரிப்பத்தான்சேனையில் நெல் மூட்டைகள் களத்தில் கிடக்கின்றன, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, லொறியைக் கட்டியிழுத்து அக்கரைப்பற்றில் வேறு கராஜில் விடப்போகிறேன் என்றார். அவர் போனால் மற்ற லொறிக்காரர்களும் பின்னாலேயே போவார்கள். கை ஆறி வரும் மனிதருக்கு வெறும் கராஜ்தான் மிஞ்சும்.

"நான் பூட்டித் தாறன்" என்றேன். டிரைவர் சிரித்தார். இழுக்க டிராக்டர் வர நேரம் இருந்ததால் முதலாளி தலையாட்டினார்.

முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். அந்தத் தண்டின் பற்கள் சாய்வானவை. நேராகப் பிடித்து இறக்கினால், இறங்கும்போதே திரும்பிப் பிழையான இடத்தில் உட்கார்ந்துவிடும். அந்தத் திருப்பத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் முன்னதாகவே பிடித்து இறக்க வேண்டும். கேண்டிலைச் சுற்றி எஞ்சின் கப்பியில் உள்ள கோட்டை நேராக்கிவிட்டு, அப்படியே இறக்கினேன். தண்டின் தலையில் டிஸ்ரிபியூட்டர் உட்காரும் வெட்டு அச்சொட்டாக வந்து நின்றது; டிஸ்ரிபியூட்டரையும் பூட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிரைவர் ஸ்டார்ட் பண்ணினார். படாரென்று ஒரு வெடி. கார்புரேட்டர் வழியாக நெருப்புக் கக்கியது. வெடிச் சத்தத்துக்கு ஊரே பயந்த காலம் அது, எதிரே தேத்தண்ணிக் கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திவிட்டார்.

"போதும் புள்ள, உள்ளுக்குப் போங்க" என்றார் முதலாளி.

வெட்கத்தில் காது மடல் சுட்டது. ஆனால் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"போன வருசம் இதே லொறிய எங்கட ஊட்டுக்காரர் சரிவராம மூணு தரம் கழட்டிப் பூட்டினார். நீங்க தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தீங்க. அவர உள்ளுக்குப் போகச் சொல்லல்ல. எனக்கும் இன்னொரு தரம் தாங்க."

அவர் டிராக்டர் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

நெருப்பு கார்புரேட்டர் வழியாக வந்ததை யோசித்தபோது நான் விட்ட பிழை பிடிபட்டது. பிஸ்டன் மேலே வரும்போதெல்லாம் அந்தக் கோடு நேராகும். ஆனால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பிஸ்டன் காற்றை அமுக்கிக்கொண்டு வரும். நான் மற்றச் சுற்றில் பூட்டியிருந்தேன். டிஸ்ரிபியூட்டரையும் தண்டையும் வெளியே எடுத்தேன். முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் பெருவிரலை வைத்துக்கொண்டு, கேண்டிலை மெல்லச் சுற்றும்படி டிரைவரிடம் சொன்னேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் காற்று என் விரலைத் தள்ளி எழுப்பியது. கோடு நேரானதும் நிறுத்தச் சொல்லி, தண்டை மறுபடி இறக்கி, கழற்றிய மற்றவற்றையும் பூட்டினேன்.

இம்முறை எஞ்சின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. முதலாளி என்னைப் பாராட்டவில்லை, ஏறிப் போய்விட்டார். அடுத்த கிழமை தன் மற்ற லொறியையும் எங்கள் வளவில் கொண்டுவந்து விட்டார்.

கையில் கட்டோடு வந்த என் கணவர் கதையைக் கேட்டுவிட்டு, "பெருவிரல வச்சுப் பாத்தயா?" என்றார். ரெண்டாந்தரம்தான் வைத்தேன் என்றேன். தானும் பல நாள் அப்படித்தான் என்று சிரித்தார்.

அந்த வெடியோடு நான் உள்ளே போயிருந்தால் ஊரில் அந்த வெடிதான் என் பெயராகியிருக்கும். பிழை விட்ட கையாலேயே அதைத் திருத்தும்வரை இடத்தை விட்டு நகர்வதில்லை என்ற அன்றைய பிடிவாதத்தை இந்த வயதிலும் நான் விடவில்லை.