மூன்று அத்தியாயத்தில் ஐந்து முறை

பியோ ஒக்சிம் எந்தக் காதல் கதையையும் மூன்று அத்தியாயத்துக்கு மேல் படித்ததில்லை. படிக்கவும் மாட்டாள். செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற படக்கதைகளை வெளியிடும் நாளில் முதல் மூன்று அத்தியாயங்களைச் சேர்த்துத்தான் விடுவார்கள். அதைப் படிப்பாள், மனதில் பட்டதைத் தன் வலைப்பூவில் எழுதுவாள், அத்தோடு தலைமுழுகி விடுவாள். பதினோரு வருடமாக இதுதான் பழக்கம். நானூற்றுச் சொச்சம் கதைகள் ஆகிவிட்டன. மிச்சத்தையும் படித்துவிட்டு எழுதினால் என்ன என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சுள்ளென்று வரும்.

"மூணு அத்தியாயத்துல தெரியாத ஆம்பளை முப்பதுலதான் தெரியப் போறானாக்கும்? எனக்குத் தெரிய பத்து வருஷம் ஆச்சு. அந்தப் பத்து வருஷத்தை எவன் திருப்பிக் கொடுத்தான்?"

அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. தென்கொரியாவின் புச்சோன் நகரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமையல் வேலை. தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கு மதியச் சோறு, சூப், மூன்று வகைத் தொடுகறி. தட்டுகளெல்லாம் கழுவி அடுக்கி முடிக்க இரண்டு மணி ஆகும். பிறகு ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், கவிழ்த்துப் போட்ட, முள்ளங்கி கழுவுகிற தொட்டிமேல் உட்கார்ந்து செல்போனை எடுப்பாள். அந்த இருபது நிமிடத்தில் பள்ளி முதல்வரே வந்து கூப்பிட்டாலும் ஏனென்று கேட்க மாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெளியானது 'பதினேழாவது மாடியில் மழை'. ஒரு மாதமாகப் பேருந்து நிறுத்தமெல்லாம் அதன் விளம்பரம்தான். பெரிய கம்பெனி முதலாளியின் மகன், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், நடுவில் ஒரு குடை. படம் அழகு என்றால் அப்படியொரு அழகு. மழைத்துளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து உழைத்திருந்தார்கள்.

இந்த ஊர்க் காதல் கதைக்கென்று ஒரு சாங்கியம் உண்டு. கதாநாயகன் கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கே என்று அவள் கேட்கக் கூடாது. கேட்டாலும் அவன் சொல்லக் கூடாது. மின்தூக்கியில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, விருந்தில் அத்தனை பேர் முன்னால் ஒருமுறை, படிக்கட்டில் இரண்டுமுறை. ஒக்சிம் விரல் விட்டு எண்ணினாள். மூன்று அத்தியாயத்தில் ஐந்து.

"என்னடி, வாய்க்குள்ளயே முணுமுணுக்கிற?" என்றாள் மல்சுன் அக்கா. சூப் அண்டாவுக்கு அவள்தான் பொறுப்பு. ஒக்சிமைவிட இரண்டு வயது மூத்தவள்.

"அஞ்சு தடவை இழுக்கிறான் அக்கா. இவன் காதலிக்கிறானா, கன்னுக்குட்டி ஓட்டுறானா?"

"உனக்கு வேற பொழப்பு இல்ல. பையன் லட்சணமா இருக்கானா, அதைச் சொல்லு."

"லட்சணத்துக்கு என்ன குறைச்சல்? என் வீட்டுக்காரனும் லட்சணமாத்தான் இருந்தான்."

சொல்லிவிட்டு விரலை நிறுத்தினாள். மூன்றாவது அத்தியாயத்தின் கடைசிக்கு நாலு கட்டம் முன்னால், அவன் விட்டுவிட்டுப் போன பிறகு, அந்தப் பெண்ணின் கை மட்டும் தனியாக ஒரு கட்டத்தில் இருந்தது. வெளிறின மணிக்கட்டு. அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு. மேலே திரும்பிப் போய்ப் பார்த்தாள். அவன் பிடித்து விட்ட ஐந்து இடத்திலும் அது இருந்தது. வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணில் படாது. அவள் கண்ணில் பட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வலைப்பூவில் எழுதினாள்:

"முதல் அபிப்பிராயம். ஐயா தம்பி, ஐந்து முறை பிடித்தாய், ஒருமுறையாவது அந்தப் பெண்ணிடம் கேட்டாயா? கதை எழுதியவர் இதைக் காதல் என்கிறார். வசனமும் அப்படியே சொல்கிறது. ஆனால் வண்ணம் தீட்டிய கை ஒன்று இருக்கிறது பாருங்கள், அது பொய் சொல்லவில்லை. அவன் விட்ட இடத்திலெல்லாம் தோல் சிவந்திருக்கிறது. போய் நீங்களே பாருங்கள். இந்தக் கதையில் நான் நம்புகிற ஒரே ஆள் அந்தக் கைக்காரர்தான்."

வழக்கமாக அவள் எழுதினால் நாற்பது பேர் படிப்பார்கள். இதை யாரோ எடுத்து எங்கேயோ போட, மறுநாள் மதியத்துக்குள் முப்பதாயிரம் பேர். பாதிப் பேர் போய்ப் பார்த்துவிட்டு, அட ஆமாம் என்றார்கள். மீதிப் பாதி அந்தக் கதாநாயகனின் பக்தகோடிகள். அவர்கள் பிடித்த பிடியை என்னவென்று சொல்வது! மல்சுன் அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள்.

"'உங்களை எவனும் கையைப் பிடிச்சு இழுக்கலைன்னு வயித்தெரிச்சலா?' இது ஒண்ணு. அடுத்தது, 'போய் கிம்ச்சி ஊறுகாய் போடுங்க ஆன்ட்டி.'"

ஒக்சிம் செல்போனை வாங்கிப் பதில் தட்டினாள்: "போட்டுவிட்டுத்தான் வந்தேன். தொள்ளாயிரம் பேருக்கு."

"எதுக்குடி வம்பு? எடுத்துடு அதை. ஊர் வாய்ல விழணுமா?"

"விழுந்தா விழறேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி விழுந்த அளவுக்கா விழப் போறேன்?"

தொண்ணூற்று மூன்றில், இஞ்சோன் பேருந்து நிலையத்தில், கூட வேலை பார்த்த பெண்களின் முன்னால் ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தோழிகள் கைதட்டினார்கள். அவளுக்கும் கன்னம் சூடானது நிஜம்தான். அதை அவள் மறைத்ததே இல்லை. அந்தச் சூட்டை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால், கதவுப் பக்கத்தில் மகளின் செருப்பு. தாரிம் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவள் அல்ல. சியோலில் படக்கதை தயாரிக்கும் ஸ்டுடியோ ஒன்றில் வண்ணம் தீட்டுகிறாள், வயது இருபத்தேழு. எந்தக் கதைக்கு என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. வெளியே மூச்சு விடக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உதவிக்கு இருப்பவர்கள் பெயரைக் கதையிலும் போட மாட்டார்கள்.

"சாப்பிட்டியாடி?"

"அம்மா, அந்தப் பதிவை எடுத்துடு."

"உன் ஸ்டுடியோ வரைக்கும் வந்துடுச்சா? எடுக்க முடியாது. என்ன தப்பா எழுதினேன்?"

"தப்பா எழுதலை. அந்தக் கைக்காரர் நான்தான்."

ஒக்சிம் கையிலிருந்த பையை அப்படியே தரையில் வைத்தாள்.

தாரிம் கடகடவென்று கொட்டினாள். காதல் கதைக்கு இளஞ்சிவப்பு வைக்க இடம் இருக்கிறது: கன்னம், காது மடல், விரல் நுனி, முழங்கை. மணிக்கட்டு எப்போதும் வெள்ளைதான். யாரும் சொல்லாமல் இவளாக வைத்தாள். கதாசிரியையும் கவனிக்கவில்லை, டீம் லீடரும் கவனிக்கவில்லை. அம்மா எழுதப்போய்த்தான் எல்லோரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கதாசிரியை கூப்பிட்டு, என் கதாநாயகனை ரவுடியாக்கியது யார் என்று கத்தியிருக்கிறார். பன்னிரண்டு அத்தியாயம் முன்கூட்டியே தயாராகி இருப்பில் இருக்கிறது. அத்தனையிலும் அந்தச் சிவப்பு.

"மொத்தம் எத்தனை?"

"பத்தொன்பது."

"பத்தொன்பதா! கட்டிக்கிறதுக்குள்ள அவ கையே கழண்டுடும் போல இருக்கே!"

"சிரிக்காதம்மா. பதிவை நீ எடுத்தா பேச்சு அடங்கிடும். நான் அந்தப் பத்தொன்பதையும் அழிச்சுக் கொடுத்துட்டா வேலை இருக்கும். இது முடிஞ்சதும் என் சொந்தக் கதையைப் பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. நாலு வருஷமா அதுக்காகத்தாம்மா கண்ணு பூத்துப்போற அளவுக்கு உக்காந்திருக்கேன்."

முப்பதாயிரம் பேர் திட்டினால் ஒக்சிமுக்குத் தூசு. ஆனால் இவள் வேறு. செல்போனை எடுத்தாள். பதிவைத் திறந்தாள். நீக்கவா என்று அது கேட்டது.

"எடுத்துடறேன். உனக்காக எடுக்கிறேன், அவங்களுக்காக இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லு. யாரும் சொல்லாம எதுக்குடி அதை வச்சே?"

தாரிம் சமையல் மேடையைப் பார்த்தாள். குழாய் மேல் இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஆறு வயசு இருக்கும். நீ இப்படி ஒண்ணை மாட்டிக்கிட்டே சோறு ஊட்டுவ. டிவி பாக்கும்போதும் மாட்டியிருப்ப. ஒருநாள் அதைப் போட்டுக்கிட்டே தூங்கிட்ட. நான் மெதுவா உருவிப் பாத்தேன்."

இருபத்தோரு வருடமாக, குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று ஒக்சிம் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நினைப்பில்தான் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். திரும்ப மாட்டிவிட்டுட்டேன்."

அழுகை ஒக்சிமுக்குத்தான் முதலில் வந்தது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் செல்போன் இன்னும் அதே கேள்வியோடு கிடந்தது.

அப்போது தாரிமின் போன் அடித்தது. டீம் லீடர். தாரிம் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள பத்தொன்பதும் சுத்தமா வந்துடணும் தாரிம். உங்க மேல கோவமெல்லாம் இல்ல. ஒரு சின்ன திருத்தம், அவ்வளவுதான்."

தாரிம் அம்மாவைப் பார்த்தாள். ஒக்சிம் வாயைத் திறக்கவில்லை. அது மகளின் வேலை, மகளின் நாலு வருடம். தான் ஒரு பக்கம் இழுத்தால் அதுவும் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதுதான்.

"அழிக்க மாட்டேங்க," என்றாள் தாரிம்.

"என்னது?"

"அவன் இழுக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க. சிவப்பு தானா நின்னுடும்."

"நீங்க செய்யலைன்னா வேற ஆள் அரை நாள்ல செஞ்சுடுவாங்க. தெரியுமில்ல?"

"செய்யட்டும். அது என் கை இல்ல."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றது போன். சரிங்க என்று தாரிம் வைத்துவிட்டாள். ஒக்சிம் மகளின் கையைப் பிடிக்கப் போனவள், பாதியில் நிறுத்தித் தன் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். மகள்தான் கையை எடுத்து அதில் வைத்தாள்.

"சொந்தக் கதை போச்சு," என்றாள் தாரிம்.

"அவங்க வீட்டுல போச்சு. உன் மண்டைக்குள்ள இருக்குல்ல? அதுக்கு எவ கையெழுத்து வாங்கினா?"

நீக்கவா என்ற கேள்விக்கு ஒக்சிம் வேண்டாம் என்று அழுத்தினாள். பிறகு பதிவின் அடியில் இன்னொரு வரி சேர்க்க உட்கார்ந்தாள்.

"உன் பேரைப் போடட்டுமா? பேர் போட்டா வேற ஸ்டுடியோக்காரங்களும் பாப்பாங்க. நல்லதும் நடக்கலாம், கெட்டதும் நடக்கலாம். நீ சொல்லு, நீ சொன்னாத்தான் போடுவேன்."

பிறந்ததிலிருந்து தாரிமின் பெயருக்கு முன்னால் இருந்தது அப்பாவின் குடும்பப்பெயரான 'நாம்'தான். பள்ளிச் சான்றிதழில், அடையாள அட்டையில், ஸ்டுடியோ ஒப்பந்தத்தில், எல்லாவற்றிலும் அதுதான்.

"போடும்மா," என்றாள். "குடும்பப் பேர் மட்டும் உன்னோடதைப் போடு."

ஒக்சிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: "அந்த ஐந்து இடத்திலும் சிவப்பு வைத்தவர், பியோ தாரிம்."