மெஹருன்னிசா உயர்த்தி வைத்த தளம்

சில்வெஸ்டர் அண்ணன் அழைத்தபோது நான் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்தின் கார் நிறுத்தத்தில் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, மெஹர் போயிட்டா" என்றார். "விடியக் காலமை. ஹபீப் பக்கத்திலதான் இருந்தவர். மத்தியானத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல்ல அடக்கத்துக்கான தொழுகையாம். தெரிஞ்ச ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

அன்று வேலைக்குப் போகவில்லை. பள்ளிவாசலில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களோடு தேவாலயத்திலிருந்து வந்தவர்களும், கோயில் குழுவினரும், தொப்பியைக் கையில் பிடித்தபடி நான்கைந்து தச்சர்களும் நின்றார்கள். இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவர் மெஹர் ஆன்ட்டி. ஈத் அன்று தெருவில் ஒரு வீடு விடாமல் பிரியாணி அனுப்பியவர். தமிழ்ச் சங்க விழாவில் மைக் வேலை செய்யாவிட்டால் மேடையேறி அதைத் தட்டிச் சரிசெய்தவர். நான் எழுத நினைப்பது கட்டடப் பொறியாளர் மெஹருன்னிசாவைப் பற்றி. நம் ஊரில் கனமரத்தையும் சாதாரண மரச்சட்டத்தையும் ஒரே குடியிருப்பில் சேர்த்து நிறுத்தி, அது நிற்கும் என்று காட்டியவர் அவர்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது டவுன்ஷிப் கூட்டமொன்றில். உள்ளூர் ஆங்கில நாளிதழுக்காக அதைப் பற்றி எழுதப் போயிருந்தேன். நிலையத்துக்கு நடந்துபோகும் தொலைவில், நான்கு மாடியில், முழுக்க மரத்தாலான அபார்ட்மென்ட் ஒன்றுக்கு அனுமதி கேட்டிருந்தார் சில்வெஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வீடுகளைப் புதுப்பிக்கும் தொழில் செய்துவந்தவர். அவர் தொடங்கிய முதல் பெரிய கட்டடம் அது. அக்கம்பக்கத்து முதியவர் ஒருவர் எழுந்து, "மக்கள் குடியிருக்கத் தீப்பெட்டி கட்டப் போகிறீர்களா?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. மெஹருன்னிசாவும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "சுள்ளியும் அடிமரமும் ஒரே மாதிரி எரிவதில்லை. கனத்த மரம் மேலே கரியாகும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். மெல்லிய சட்டங்களுக்கு அந்த வலு இல்லை, அதனால் அவற்றை ஜிப்சம் பலகையால் மூடுகிறேன். இரண்டுக்கும் மேலே தண்ணீர் தெளிப்பான் இருக்கும்." முதியவர் உட்கார்ந்தார்.

வெளியே வரும்போது மெஹருன்னிசா என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க தமிழா? அப்போ ப்ளீஸ், தீப்பெட்டின்னு ஹெட்லைன் போட்டுடாதீங்க. என் மச்சான் அத ஃபிரேம் பண்ணி ஹால்ல மாட்டிடுவார்." மச்சான் என்று அவர் சொன்னது கணவர் ஹபீபை. சொந்த ஊரான கீழக்கரையின் வழக்கத்தைச் சென்னையிலும் நியூ ஜெர்சியிலும் அவர் விடவில்லை.

அதுவரை அவர் பெரிய நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். அங்கே வரைபடங்களை அவர் போடுவார், அவற்றுக்குப் பொறுப்பேற்கும் முத்திரை வேறொருவருடையதாக இருக்கும். கனமரத்தையும் சட்டத்தையும் கலக்கும் இந்த யோசனையை நிறுவனம் ஏற்கவில்லை. அவர் வெளியே வந்து வீட்டு பேஸ்மென்ட்டில் தனியாகத் தொழில் தொடங்கினார். சில்வெஸ்டரின் கட்டட வரைபடத்தில் அவருடைய முத்திரை மட்டும்தான் இருந்தது. பிழை என்றால் கைகாட்ட வேறு பெயர் இல்லை.

ஏன் கலக்க வேண்டும், முழுவதையும் ஒரே மாதிரி செய்தால் என்ன என்று கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒருநாள் கேட்டேன். கட்டடத்தின் நடுவில், மாடிக்கு மாடி அகலமான பொதுக்கூடம். அங்கே பலகைகளை அடுக்கி ஒட்டிய பெரிய தூண்கள் கீழிருந்து மேல்வரை ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. பலகைகளை விளிம்பில் நிறுத்தி ஆணியடித்துச் சேர்த்த கனமான தளங்கள் அவற்றின்மேல் இருந்தன. இரு பக்கமும் வீடுகள், அமெரிக்காவின் எல்லாத் தெருவிலும் காண்கிற மெல்லிய சட்டச் சுவர்களால் ஆனவை. "கூடத்துல குறுக்கே சுவர் வரக் கூடாது, அதுக்குக் கனமரம்தான் சரி. பெட்ரூமுக்கு எதுக்கு அவ்ளோ மரம்? அதுக்கு இந்த ஆளுங்க கண்ண மூடிக்கிட்டு ஃபிரேம் பண்ணுவாங்க" என்றார். பிறகு, "பிரியாணி மாதிரி சார். கறி வேகுற நேரம் வேற, அரிசி வேகுற நேரம் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கிண்டினா அது கூழு. எது எப்போ வேகும்னு தெரிஞ்சு அடுக்கணும்."

அடுக்குவதில்தான் சிக்கல் இருந்தது. மரம் காயும்போது நெடுக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கில் சுருங்கும். நிறுத்திய தூண்கள் அப்படியே இருக்கும். ஆனால் சட்டச் சுவர்களுக்கு மேலும் கீழும் மாடிக்கு மாடி கிடையாகக் கிடக்கும் படுக்கைக் கட்டைகள் உண்டு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓட ஓட அவை மெலியும், வீடுகளின் தளம் மெல்லக் கீழே இறங்கும். கூடத்தின் தளம் இறங்காது. கட்டும்போது இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தால், சில ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பள்ளம் விழும், கதவுகள் இறுகும், குழாய்கள் இழுபடும். கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் வேலை பார்த்தபோது அப்படிப் பள்ளம் விழுந்த பழைய கட்டடமொன்றை அவர் அளந்து பார்த்திருந்தார். எனவே இங்கே வீடுகளின் தளத்தை வேண்டுமென்றே கூடத்தைவிட உயர்த்தி வைத்தார். முதல் மாடியில் சிறிதளவு, மேலே போகப் போகக் கூடுதலாக, உச்சியில் ஏறக்குறைய ஒரு விரல் கனம். பார்ப்பவர் கண்ணுக்கு அது பிழை. அது பிழையில்லை என்று மரம்தான் வந்து சொல்ல வேண்டும், அதற்குச் சில குளிர்காலங்கள் ஆகும்.

வேலை பாதியில் இருந்தபோது அவர் தங்கை மகளின் நிக்காஹுக்காக டெக்ஸாஸில் ஆலனுக்குப் போனார். இங்கே தச்சர்களின் தலைவர் ரே, வாழ்நாள் முழுக்கச் சட்டச் சுவர் கட்டியவர். விரல் தடவினால் இணைப்புத் தெரியாதபடி தளம் சேர்ப்பதில் அவருக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் வினையானது. மூன்றாம் மாடியின் தளம் கூடத்தைவிட உயர்ந்து நிற்பதைப் பார்த்தார். பொறியாளர் ஊரில் இல்லை, பாவம், கணக்கில் ஏதோ நழுவியிருக்கிறது என்று நினைத்தார். உயர்த்துவதற்காக அடியில் செருகியிருந்த மெல்லிய பலகைப் பட்டைகளை உருவிவிட்டு, இரண்டு தளங்களையும் கண்ணாடிபோல் ஒரே மட்டத்தில் சேர்த்து வைத்தார். அவருக்கு அது உபகாரம்.

திரும்பி வந்த மெஹருன்னிசா மருதாணி மங்காத கையால் அந்த இணைப்பைத் தடவிப் பார்த்தார். ரே பெருமையோடு நின்றார். "இவ்வளவு அழகான வேலையை நான் பார்த்ததில்லை, ரே. இதை எடுத்துவிட வேண்டும்" என்றார். ரேயின் முகம் சிவந்தது. சில்வெஸ்டர் ஓடி வந்தார்.

"தங்கச்சி, உமக்கென்ன விசரா? இப்பதானே வடிவா இருக்கு! இதை இடிக்கச் சொல்லுறீரா?"

"இடிக்கச் சொல்லல அண்ணே. தூக்கச் சொல்றேன்."

"சனம் வந்து தடக்கி விழும். பிறகு என்னையல்லோ கேக்கும்?"

"என்னக் கேக்கட்டும். ட்ராயிங்ல என் பேர்தான இருக்கு."

திருகு ஜாக்கிகளை வரவழைத்து, நான்காம் மாடிச் சுவர்கள் எழும் முன்பே தளத்தை நூல் நூலாகத் தூக்கிப் பட்டைகளை மறுபடி செருகினார்கள். ரே இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், தானே வந்து எதிரே உட்கார்ந்து, சுருக்கம் எப்படி வரும் என்று ஒரு காகிதத் தட்டில் படம் போடச் சொன்னார். மெஹருன்னிசா போட்டார். ரே நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் நான் கட்டிய வீடுகளெல்லாம் இறங்கியிருக்கின்றன" என்றார். "எல்லாம் சேர்ந்து இறங்கின, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இங்கே கட்டடத்தில் பாதிதான் இறங்கப் போகிறது" என்றார் மெஹருன்னிசா.

குடும்பங்கள் குடிவந்தன. தடுக்காமலிருக்க ஒவ்வொரு வாசலிலும் சரிவாகச் சீவிய பலகைப் பட்டை ஒன்றைத் திருகி வைத்திருந்தார்கள். நான்காம் மாடிக்கு வந்த கமலா ஆன்ட்டி முதல் நாளே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா மெஹர், மெட்ராஸ்ல ஸ்பீட் பிரேக்கர் ஏறி ஏறி இடுப்பு போச்சுன்னுதான் பையன் இங்க கூட்டிட்டு வந்தான். நீ வாசல்லயே ஒண்ணு போட்டு வெச்சிருக்கியே?"

"ரெண்டு வின்டர் வெயிட் பண்ணுங்க ஆன்ட்டி. தானா எறங்கிடும்."

"எது, என் இடுப்பா?"

அன்றிலிருந்து அது ஸ்பீட் பிரேக்கர் பில்டிங் ஆயிற்று. இந்தியக் கடையில், ரயிலில், கோயில் வரிசையில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. கட்டட அனுமதி அதிகாரி சில்வெஸ்டரை அழைத்து, இந்தத் தளங்கள் சொன்னபடி மட்டத்துக்கு வரும்வரை இதே முறையில் இன்னொரு கட்டடத்துக்கு அனுமதி தர மாட்டேன் என்றார். சில்வெஸ்டர் அடுத்த மனையைச் சுத்தம் செய்து வைத்திருந்தார். மெஹருன்னிசாவுக்கோ அந்தக் கட்டடம் தவிர வேறு சாட்சி கிடையாது. தளம் இறங்காவிட்டால் முத்திரையை மூடி வைத்துவிட்டுப் பழைய நிறுவனத்தின் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

முதல் குளிர்காலத்தில் தளம் இறங்கியது. பாதி இறங்கி நின்றது. அடுத்து வந்தது நியூ ஜெர்சியின் புழுக்கமான கோடை. ஆகஸ்ட்டில் ஒருநாள் சில்வெஸ்டர் பதறிப்போய் ஸ்பீக்கரில் அவரை அழைத்தார், நானும் அருகிலிருந்தேன். "தங்கச்சி, இறங்கினது திரும்ப ஏறுதே!" மெஹருன்னிசா மறுமுனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் போலும், கத்திச் சத்தம் நிற்கவில்லை. "ஈரக் காத்து அண்ணே. மரம் தண்ணி குடிக்குது. கொஞ்சம் குடிச்சிட்டுப் போகட்டும், வின்டர்ல திருப்பிக் குடுத்துடும்." "குடுக்காட்டி?" "குடுக்காட்டி நீங்களும் நானும் சேந்து பிரியாணிக் கடை வெப்போம்." சில்வெஸ்டருக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் கட்டிய கட்டடங்களை நீங்கள் அறிவீர்கள். அந்த அடுத்த மனையில் எழுந்தது, நெடுஞ்சாலையோரம் எழுந்தது, வீட்டுச் சந்தை சரிந்து ஊரெங்கும் பாதி வேலைகள் நின்றபோதும் நிற்காமல் முடிந்த மூன்றாவது. கலிஃபோர்னியாவின் குபெர்டினோவிலிருந்து பொறியாளர் குழு ஒன்று அவற்றைப் பார்க்க வந்து, நாள் முழுக்க அவரோடு மாடி மாடியாக ஏறி இறங்கியது. நோய் வந்த பிறகும், மருத்துவமனைக் கட்டிலிலிருந்தபடி ரேயுடன் தொலைபேசியில் படுக்கைக் கட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தாதி ஒருமுறை அவர் பேசியதைக் கேட்டுவிட்டு, வீடு கட்டுகிறீர்களா என்று கேட்டாராம். "ஆமாம், எண்பது குடும்பத்துக்கு" என்றாராம். ஹபீப் இதைப் பள்ளிவாசல் வாசலில் சொன்னபோது அழுதுகொண்டே சிரித்தார்.

இவை எல்லாவற்றுக்கும் அனுமதி பிறந்தது இரண்டாம் குளிர்காலத்தின் கடைசியில் ஒரு காலையில். அதிகாரி நீளமான மட்டப்பலகையோடு வந்தார். கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு வாசலிலும் ரே சரிவுப் பட்டையைக் கழற்றினார். அதிகாரி மண்டியிட்டு மட்டப்பலகையைப் பாதி கூடத்திலும் பாதி வீட்டிலுமாக வைத்தார். நீர்க்குமிழி நடுவில் நின்றது. அடுத்த வாசலிலும் நின்றது. ரே தூக்கிச் செருகிய மூன்றாம் மாடியிலும் நின்றது. அங்கே ரே தன் கட்டைவிரலால் இணைப்பைத் தடவிவிட்டு யாரையும் பார்க்காமல் படியேறினார். நான்காம் மாடியில் ஒரே ஒரு வாசலில் நகக் கனம் மிச்சமிருந்தது. அதை அதிகாரிக்கு முன்பே மெஹருன்னிசா சொன்னார்: "இங்கே கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்த்துவிட்டேன்." அதிகாரி மட்டப்பலகையை ரேயிடம் கொடுத்துவிட்டு எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, "அடுத்த கட்டடத்தின் வரைபடத்தைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

சில்வெஸ்டர் அண்ணன் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, காலுறையோடு கூடத்திலிருந்து வீட்டுக்குள்ளும் வீட்டிலிருந்து கூடத்துக்கும் சறுக்கிச் சறுக்கி நடந்தார். கதவுகள் திறந்தன. ஆன்ட்டிகள், அங்கிள்கள், பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் எல்லாரும் வந்து காலால் தேய்த்துப் பார்த்தார்கள். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லும். உமக்குப் பயமே இருக்கேல்லையா?" என்று கேட்டார் சில்வெஸ்டர்.

"பயமா? அண்ணே, தொழுகையில எல்லாரும் உசத்திவிடு அல்லாஹ்னு கேப்பாங்க. நான் ரெண்டு வருஷமா எறக்கிவிடு, எறக்கிவிடுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு வாசலில் நின்றார். ஒரு கால் கனமரத் தளத்தில், ஒரு கால் சட்டச் சுவர்களின்மேல் இருந்த வீட்டுத் தளத்தில். தலையைப் பின்னால் சாய்த்து, நான்கு மாடியும் கேட்கும்படி சிரித்தார். அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தச் சிரிப்பை.